பரணிலிருந்து இறங்கிய பித்தளை உருளை

கொட்டிவாக்கத்தில் பழைய தனிவீடுகளை இடித்து அடுக்ககம் கட்டும் வேலை ஓய்ந்தபாடில்லை. இடிப்பதற்கு முன் பரணைக் காலி செய்வார்கள். அப்படிக் காலியான ஒரு பரணிலிருந்து முழங்கால் உயரப் பித்தளை உருளை ஒன்று இறங்கியது. எடைக்குப் போக இருந்ததை, பழைய உலோகச் சாமான் சேர்க்கும் எங்கள் பகுதி நண்பர்கள் கேட்டு வாங்கி வந்தார்கள். அது என்ன சாமான் என்று வீட்டுக்காரருக்கே தெரியவில்லை.

வெந்நீர் பாய்லர் என்றார் ஒருவர். பாய்லர் என்றால் நடுவில் புகைபோக்கியும் பக்கத்தில் குழாயும் இருக்க வேண்டும். இதில் இரண்டும் இல்லை. கல்யாணப் பந்தியில் சாம்பார் கொண்டுபோகும் தூக்கு என்றார் இன்னொருவர். சாம்பார்த் தூக்கின் அடியில் காற்றுத் துளை எதற்கு? கையால் சுற்றும் ஐஸ்கிரீம் மெஷினாக இருக்குமோ என்று பார்த்தால் கைப்பிடி பொருத்திய தடயமே இல்லை.

நல்லவேளை, யாரும் புளி போட்டுத் தேய்த்துவிடவில்லை. பழைய சாமான் கையில் கிடைத்ததும் பளபளவென்று ஆக்கிவிடத் துடிப்பது நம் வழக்கம். அந்தத் தேய்ப்பில் முதலில் போவது சாட்சியம்தான். இந்த உருளையின் அடிப்பகுதியில் மட்டும் கரி படிந்திருந்தது. மேல்பகுதியில் பொட்டுக் கரி இல்லை. உள்சுவரில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு வெள்ளையாக உப்புக் கோடு. நாள்பட உப்புத்தண்ணீர் கொதித்த பாத்திரத்தில்தான் அப்படிப் படியும். உள்ளே ஒன்றின்மேல் ஒன்றாக உட்காரும் கிண்ணங்கள், அவற்றைச் சேர்த்துத் தூக்க ஒரு கம்பிச் சட்டம். கிண்ணங்களுக்கு உள்பக்கம் ஈயம் பூசியிருந்தது. ஆகவே சாப்பாட்டுப் பாத்திரம். விளிம்பில் புள்ளி புள்ளியாக வெட்டிய முதலெழுத்துகள். கல்யாணச் சீருக்கும் கூட்டுக் குடும்பத்துக்கும் பாத்திரத்தில் பெயர் வெட்டுவது நம் வழக்கம். ஆக, இது ஓட்டல் சாமான் அல்ல, வீட்டுச் சாமான்.

அடியில் நெருப்பு, அதன்மேல் தண்ணீர், அதற்கும் மேலே அடுக்கடுக்காகச் சாப்பாடு. இவ்வளவும் தெரிந்தும் பெயர் வரவில்லை. பெயரைச் சொன்னவர் பக்கத்துத் தெருவில் இருக்கும், எண்பது வயதைத் தாண்டிய மயிலாப்பூர்ப் பாட்டி. பார்த்த மாத்திரத்தில் சொன்னார்: "ஏம்ப்பா, ருக்மணி குக்கர்னா இது! எங்க அத்தை காசிக்குப் போறச்சே இதைத்தான் எடுத்துண்டு போனா."

ருக்மணி குக்கர் என்ற பெயரில் தமிழ்நாட்டில் புழங்கிய இந்த வகை அடுப்புக்கு மூத்த உறவு கல்கத்தாவில் இருக்கிறது. இந்துமாதவ் மல்லிக் (1869–1917) என்ற வங்காளி டாக்டர் 1910-இல் இக்மிக் குக்கரை உருவாக்கினார். சட்டமும் தத்துவமும் கூடப் படித்தவர் அவர். கரி நெருப்பு, கொதிக்கும் நீர், மேலே அடுக்குக் கேரியர், அதே அமைப்புதான். வேலைக்காகவும் படிப்புக்காகவும் நகரத்துக்கு வந்து தனியே தங்கிய ஆண்களுக்கு அது சோறு போட்டது. காலையில் அரிசி, பருப்பு, காய்கறியை அடுக்கி, கரியைப் பற்றவைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கலாம். கரி தணிந்தால் சமையல் தானாக நின்றுவிடும். கிளற வேண்டாம், பொங்கி வழியாது, அடிப்பிடிக்காது. ஆவியை அடைத்து வைக்காததால் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. வெடிக்கும் பயமும் இல்லை. நேரம் மட்டும் கூடுதலாகப் பிடிக்கும்.

சென்னையில் இது பிடித்துப்போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை மறைக்கக் கூடாது. பிறர் சமைத்ததைத் தொடாத ஆசாரக் குடும்பங்களுக்கு ரயில் பயணமும் யாத்திரையும் பெரிய தொல்லை. ரயில் நிலையச் சாப்பாட்டுக் கூடங்களில் பிராமணருக்குத் தனி இடம் 1940-களின் தொடக்கம் வரை இருந்தது. அப்படிப்பட்ட காலத்தில், எங்கே போனாலும் தன் சமையலைத் தானே செய்துகொள்ள உதவும் கருவி எவ்வளவு மதிப்புப் பெற்றிருக்கும்! சாதி காத்த சாமான் என்றும் இதைச் சொல்லலாம், தனியாளுக்குச் சோறு போட்ட சாமான் என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை. பாட்டியின் அத்தை காசிக்கு எடுத்துப்போனது எதற்காக என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இதன் ஆயுள் முடிந்த கதை சுருக்கமானது. மண்ணெண்ணெய் ஸ்டவ் வந்தது. 1959-இல் ஹாக்கின்ஸ் பிரஷர் குக்கர் வந்தது. 1960-களில் இண்டேன் எரிவாயு வந்தது. ஆவியை அடைத்துச் சூட்டை 120 டிகிரி வரை ஏற்றும் பாத்திரத்தில் பருப்பு சில விசிலில் குழைந்துவிடும்போது, கரி மூட்டி மணிக்கணக்கில் காத்திருப்பவர் யார்? தெருவில் குரல் கொடுத்து வந்த ஈயம் பூசுகிறவர்களும் குறைந்துபோனார்கள். பாத்திரத்தைத் தணலில் வாட்டி, நவச்சாரம் தூவி, உருகிய ஈயத்தைப் பஞ்சால் ஒரே வீச்சில் இழுத்துப் பூசும் அந்தக் கைவேலை இல்லையென்றால் பித்தளையில் களிம்பு ஏறும். புளிப்புச் சமையலுக்கு ஆகாது. குக்கர் பரணேறியது. வீட்டுக்காரர் குடும்பம் மயிலாப்பூரிலிருந்து தெற்கே நகர்ந்தபோது கூடவே நகர்ந்து, கொட்டிவாக்கத்துப் பரணிலும் ஏறியது. 2011-இல் கொட்டிவாக்கம் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தபோதும் அது அங்கேதான் இருந்தது.

அகமதாபாத்தில் பாத்திரங்களுக்கென்றே 'விஷாலா' உணவக வளாகத்தில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. கொட்டிவாக்கத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா இருக்கிறது. தென்னாட்டுப் பழைய வீடுகளை அங்கே உள்ளே நுழைந்து பார்க்கலாம். இந்த இடங்கள் நமக்கு வேண்டும். ஆனால் ஒரு சாமானின் பெயரையும் பயனையும் சொல்லத் தெரிந்தவர்கள் நம் வீட்டிலும் தெருவிலும்தான் இருக்கிறார்கள். பாட்டி சொல்லியிருக்காவிட்டால் எங்களிடம் இருந்தது உப்புக் கோடும் கரியும் மட்டும்தான்.

உங்கள் வீட்டுப் பரணிலிருந்து இப்படி ஏதாவது இறங்கினால் முதலில் தேய்க்காதீர்கள். இருக்கிற நிலையில் படம் எடுத்து வையுங்கள். எடைக்குப் போடுவதற்குள் வீட்டின் மூத்தவரிடம் காட்டிக் கேளுங்கள். அவர் சொல்வதைத் தேதியோடு ஒரு சீட்டில் எழுதி அந்தப் பாத்திரத்துக்குள்ளேயே போட்டு வையுங்கள்.