சிகரத்தின் பெயர்

1904-இல் இத்தாலியத் தேசியவாதி எத்தோரே தொலொமேய், ஆஸ்திரிய ஆட்சியிலிருந்த தென் திரோலின் எல்லையில் 2,911 மீட்டர் உயரச் சிகரமொன்றில் ஏறினார். ஜெர்மன் பேசும் உள்ளூரார் அதனைக் குளோக்கன்கார்கோப்ஃப் என்றனர். அவரோ ‘வெத்தா திதாலியா’, அதாவது ‘இத்தாலியின் உச்சி’ எனப் பெயரிட்டு, முதலில் ஏறியவர் தாமே என்றார். 1895-லேயே அங்கு ஆள் ஏறியாயிற்று! இத்தாலியின் வடகோடிகூட அதுவன்று, பக்கத்துச் சிகரமே.

ஆயினும் பெயர் நிலைத்தது. படைக்கு முன்பே சொல் எல்லையைக் கடந்துவிட்டது. 1916-இல் ஆயிரக்கணக்கான இடப்பெயர்களை இத்தாலியமாக்கிய அவரது பட்டியல் வெளிவந்தது. பிரென்னருக்கு ஓர் உயிரொலி கூட்டினால் போதும், பிரென்னெரோ. ஸ்டெர்ட்சிங்குக்கோ உரோமர் காலப் பெயரைத் தோண்டியெடுத்து, விப்பித்தேனோ என்றாக்கினர். 1919-இல் உடன்படிக்கை நிலத்தை இத்தாலிக்குத் தந்தது. 1923-இல் பாசிச அரசு அப்பெயர்களை ஆணையாக்கியது. மலைப்பாதைப் பலகைகளில் எம்மொழிப் பெயர் நிற்பது என்னும் பூசல் இந்த நூற்றாண்டிலும் அங்கு எழுந்தது.