வேங்கியிலிருந்து வந்த சோழன்

கி.பி. 1070-இல் வீரராஜேந்திர சோழன் மறைந்தான். அடுத்து வந்த மகன் அதிராஜேந்திரனின் தனியாட்சி ஓராண்டுகூட நிலைக்கவில்லை. அவனுடைய சகோதரியை மணந்த மேலைச் சாளுக்கிய இளவரசன் ஆறாம் விக்கிரமாதித்தன், படையோடு காஞ்சிக்கு வந்து கலகத்தை அடக்கினான். கங்கைகொண்ட சோழபுரத்தில் மைத்துனனை அரியணையில் அமர்த்திவிட்டு ஊர் திரும்பினான். கொஞ்ச நாளிலேயே மைத்துனன் மாண்ட செய்தி வந்தது. இதைச் சொல்பவர் விக்கிரமாதித்தனின் அவைப்புலவர் பில்ஹணர்.

அதே ஆண்டு ஜூன் மாதம் சோழ அரியணை ஏறியவன் வேங்கி நாட்டுக் கீழைச் சாளுக்கிய இளவரசன் ராஜேந்திரன். நாம் முதலாம் குலோத்துங்கன் என்று அறிந்தவன். அதிராஜேந்திரனைக் கொன்றது இவனே என்று எழுதியவர்கள் உண்டு. அதற்கு நேரடிச் சான்று எதுவும் இல்லை என்பதால், நான் அந்தப் பழியை அவன் மேல் சுமத்த மாட்டேன்.

தந்தை வழியில் சாளுக்கியன்தான். ஆனால் தாய் அம்மங்கை, கங்கை கொண்ட ராஜேந்திரனின் மகள். தந்தையைப் பெற்றவள் குந்தவை, ராஜராஜனின் மகள். மனைவி மதுராந்தகியும் சோழ மன்னன் இரண்டாம் ராஜேந்திரனின் மகளே. மூன்று தலைமுறையாகச் சோழநாட்டிலிருந்து பெண் எடுத்த குடும்பம் அது.

ஆனால் உறவுமுறை மட்டும் ஒருவனை அரியணையில் நிலைக்க வைத்துவிடாது. அவன் கைக்கு வந்த நாடு எப்படி இருந்தது என்பதற்கு, பாபநாசம் வட்டாரத்தில் இருந்த ராஜமகேந்திர சதுர்வேதிமங்கலத்தின் கல்வெட்டு ஒன்றே போதும். அவனுடைய இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. வலங்கையார், இடங்கையார் என்ற இரு சாதிப் பிரிவினருக்கிடையே மூண்ட சண்டையில் ஊர் தீக்கிரையாகியிருக்கிறது. கோயில் இடிபட்டு, திருமேனிகளும் பண்டாரமும் கொள்ளை போயிருக்கின்றன. காவிரிக் கரையிலேயே இந்த நிலை! தெற்கே பாண்டியர் கிளர்ந்திருந்தார்கள். கடலுக்கு அப்பால் சிங்கள மன்னன் விஜயபாகு சோழர்களை ஈழத்திலிருந்தே வெளியேற்றிவிட்டான். வடமேற்கில் விக்கிரமாதித்தன் பகையோடு காத்திருந்தான்.

குலோத்துங்கனின் முதல் அடி, தன்னை முழுச் சோழனாக நிறுத்திக்கொண்டது. ராஜகேசரி, பரகேசரி என்ற பட்டங்களைச் சோழ மன்னர்கள் மாறி மாறிச் சூடுவது வழக்கம். அதிராஜேந்திரன் பரகேசரி. அடுத்து வந்த இவன் தன்னை ராஜகேசரி என்று பொறித்துக்கொண்டான். வரிசை அறுபடவே இல்லை.

எதை விடுவது என்றும் அவனுக்குத் தெரிந்திருந்தது. ஈழத்தை மீட்கப் படையெடுத்துச் சோழப் பணத்தைக் கரைக்கவில்லை. பின்னாளில் தன் மகள் சுத்தமல்லியைச் சிங்கள இளவரசன் வீரப்பெருமாளுக்கு மணமுடித்துக் கொடுத்தான். பிறந்த நாடான வேங்கியைக்கூடச் சிற்றப்பன் விஜயாதித்தனிடமே முதலில் விட்டுவைத்தான். பாண்டிய நாட்டை மட்டும் விடவில்லை. அங்கே போரில் வென்று, கோட்டாறு முதலிய இடங்களில் நிலைப்படைகளை அமர்த்தினான்.

கலிங்கப் போரும் அதில் படை நடத்திய கருணாகரத் தொண்டைமானும்தான் பலர் நினைவில் நிற்கிறார்கள். ஜெயங்கொண்டாரின் பரணி செய்த வேலை அது. அந்தப் போர் நடந்தபோது அவன் நாற்பது ஆண்டுகள் ஆண்டு முடித்திருந்தான். அவனை நிலைநிறுத்தியவை வேறு. 1077-இல் 72 பேர் கொண்ட சோழத் தூதுக்குழு சீனத்துச் சோங் அரசவைக்குப் போனது. 1086-இல் நிலங்கள் மறுபடி அளக்கப்பட்டன. எந்த ஊர் எவ்வளவு விளைவிக்கும், எவ்வளவு தரும் என்ற கணக்கு அரசின் கைக்கு வந்தது. சுங்கத்தையும் நீக்கினான். வணிகர்களும் ஊர்ச்சபைகளும் இந்த அரசன் இருப்பதே தங்களுக்கு நல்லது என்று எண்ணியிருந்தால் அதில் வியப்பில்லை. வாள்வலியைவிட அதுவே அவனுக்குப் பெரிய அரண் என்பது என் முடிவு.

முதுமையில் இழப்புகள் வந்தன. தலைக்காட்டை ஹொய்சள விஷ்ணுவர்த்தனன் பிடித்தான். 1118 வாக்கில் மகன் விக்கிரமனை வேங்கியிலிருந்து வரவழைத்து இளவரசுப் பட்டம் கட்டியதும், வேங்கி விக்கிரமாதித்தன் வசமானது. ஆனாலும் ஐம்பது ஆண்டுகள் ஆண்டு அவன் கண்மூடியபோது, சோழநாட்டில் அரியணைக்குப் போட்டியில்லை. கலகத்தின் நடுவே தந்தை ஏறிய அதே அரியணையில் விக்கிரம சோழன் அமைதியாக ஏறினான். அவனை அடுத்த வாரம் சந்திப்போம்.