கிராண்ட் கேன்யன் பயணம்: பள்ளத்தாக்கில் இறங்கும் முன் அறிய வேண்டியவை

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கொலராடோ ஆறு அரித்து உருவாக்கிய கிராண்ட் கேன்யன், சுமார் 446 கி.மீ. நீளமும் 1.6 கி.மீ.க்கு மேற்பட்ட ஆழமும் கொண்டது. 1919-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இப்பகுதி, 1979-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

பருவம்: தெற்கு விளிம்புக்கு ஆண்டு முழுவதும் செல்லலாம். சுமார் 2,400 மீட்டர் உயரத்திலுள்ள வடக்கு விளிம்பு, பனிப்பொழிவு காரணமாகக் குளிர்காலத்தில் மூடப்படும்.

வெப்பம்: கோடையில் விளிம்பில் இதமான வானிலை நிலவும்போதும், அடிப்பகுதியில் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைக் கடக்கும். அக்காலத்தில் காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை உட்பகுதியில் நடப்பதைத் தவிர்க்குமாறு பூங்கா நிர்வாகம் அறிவுறுத்துகிறது.

நடைப்பயணம்: மலையேற்றத்துக்கு நேர்மாறாக, இங்கு இறக்கம் முதலிலும் ஏற்றம் இறுதியிலும் வருகின்றன. இறங்கும் நேரத்தைப்போல் இருமடங்கு நேரத்தை ஏறுவதற்கு ஒதுக்க வேண்டும். ஒரே நாளில் ஆறு வரை சென்று திரும்ப முயல்வது உயிருக்கே ஆபத்தாகலாம்.

குடிநீர்: தெற்கு கைபாப் பாதையின் வழியில் குடிநீர் கிடைக்காது. தண்ணீருடன் உப்புள்ள உணவும் அவசியம். நீரை மட்டும் மிகுதியாகப் பருகினால் இரத்தத்தில் சோடியம் அளவு அபாயகரமாகக் குறையக்கூடும்.

அனுமதி: பள்ளத்தாக்கினுள் கூடாரமிட்டு இரவு தங்குவதற்கு முன்அனுமதி கட்டாயம்.