என்பு மச்சை மாற்றுச் சிகிச்சை

எலும்பின் உட்குழியில் இருந்து குருதியணுக்களை உண்டாக்கும் மென்மையான திசுவே என்பு மச்சை. இரத்தப் புற்றுநோய், தலசீமியா போன்றவற்றில் பழுதான மச்சையைக் கடும் மருந்துகளால் அழித்து, நல்ல குருத்தணுக்களை ஏற்றுவதே இச்சிகிச்சை. இதில் நோயாளிக்கு வெட்டுக்காயம் இல்லை. இரத்தம் ஏற்றுவதைப் போலவே அணுக்கள் நாளம் வழியாக இறங்கும். நோயாளியின் சொந்த அணுக்களை உறைய வைத்து ஏற்றினால், காப்புத் திரவத்தால் மூச்சில் ஓரிரு நாள் பூண்டு வாடை வீசும். புதிய மச்சை வேலை தொடங்க இரண்டு முதல் நான்கு வாரம் செல்லும். ஆபத்து மிகுந்த காலம் அதுவே.

பிறரின் அணுக்களை ஏற்றுவதானால் திசு வகை பொருந்த வேண்டும்; உடன்பிறந்த ஒருவரின் திசு முழுதாகப் பொருந்தும் வாய்ப்பு 25 சதவீதம்.

இலங்கையின் மகரகமவில் அபேக்ஷா மருத்துவமனை உள்ளது. இச்சிகிச்சைப் பிரிவு அங்கு உண்டு. தமிழில் பேசிச் சிகிச்சை பெற வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியும் உண்டு. அது 1986இல் இச்சிகிச்சையைத் தொடங்கியது. இடத்தைத் தேரும்போது கட்டடத்தைவிட, அதே நோய்க்கு அங்கு எத்தனை பேருக்குச் செய்தார்கள், எத்தனை பேர் பிழைத்தார்கள் என்பதையே முதலில் கேட்க வேண்டும். பிறரின் அணுக்களைப் பெற்றவர் ஏறத்தாழ 100 நாள் மருத்துவமனைக்கு அருகிலேயே தங்க வேண்டும். தோட்டத் தொழிலாளர் குடும்பத்துக்கு அப்படித் தங்கும் வாடகையும் இழக்கும் நாட்சம்பளமும் பெருஞ்சுமை. தோட்டத்தின் பொதுக் குழாயும் நெருக்கமான லயன் (வரிசைக் குடியிருப்பு) அறையும் தொற்றுக்கு இடமளிப்பதால், வீடு திரும்பும் ஏற்பாட்டை மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவிடுவது அவசியம்.