தரமணியும் ஸ்டைபண்டும்

தாம்பரம் பக்கம் இன்ஜினியரிங் படிச்ச யாரைக் கேட்டாலும் 'இன்ப்ளாண்ட் ட்ரெயினிங்' கதை ஒண்ணு வச்சிருப்பாங்க. லீவுல பவர் பிளாண்டுக்குப் போய், டர்பைனை தூரத்துல நின்னு பார்த்து, சர்டிபிகேட் வாங்கிட்டு வர்றது. காசா? மூச்!

ஆனா சட்டம் வேற மாதிரி மக்களே. 1961-ல் வந்த அப்ரண்டிஸ் சட்டம் முதல்ல ஐ.டி.ஐ. மாதிரியான தொழில்களுக்குத்தான். 1973-ல் திருத்தி, பட்டம், டிப்ளமோ இன்ஜினியர்களையும் சேர்த்தாங்க. தென் மாநிலங்களுக்கான பயிற்சி வாரியம் நம்ம தரமணியிலதான் இருக்கு. மின்வாரியமும் நெய்வேலி என்.எல்.சி.யும் ஒரு வருஷப் பயிற்சிக்கு ஆள் எடுத்தது இந்த வழியில்தான். குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதி மத்திய அரசு பொறுப்பு. 2014 டிசம்பரில் பட்டதாரிக்கு 4,984 ரூபாய்; 2019-ல் 9,000 ஆச்சு.

இதுல முக்கியமான விஷயம்: பட்டம் வாங்கறதுக்காகப் பயிற்சியில் இருக்கறவரும் சட்டத்தின் வரையறைக்குள்ள வர்றார். சாண்ட்விச் கோர்ஸ் மாணவர்களுக்கான வாசல் அது. ஆனா ஊரெல்லாம் பரவினது நாலு வருஷ பி.இ. அதுல லீவுக்குப் போற பையனுக்குப் பஸ் காசும் அப்பா பாக்கெட்தான். 2024-ல் வந்தப்போ பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டமும் முழுநேரம் படிக்கிறவங்களைச் சேர்த்துக்கலை.

விளைவு? வசதி இருக்கறவன் நெய்வேலியில் தங்கிக் கத்துக்கிட்டு வர்றான். இல்லாதவன் அவன் ரிப்போர்ட்டைக் காப்பி அடிக்கிறான். கத்துக்கறதுக்கும் கூலி உண்டுன்னு ஒத்துக்கிட்ட சட்டம், லீவுல வர்ற பையனை மட்டும் ஏன் மறந்துச்சு?