ஒரே உறுப்பின் இரு கூறுகள்: தொகுதி மறுவரையறையும் சென்னையின் மேற்குப் புறநகரும் (1951–2025)

ஆய்வுச்சுருக்கம்

மக்கள்தொகைக்கு ஏற்ப இடம் என்னும் நெறி, இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 81ஆம் உறுப்பில் இரு கூறுகளாக அமைந்துள்ளது. ஒன்று மாநிலங்களுக்கு இடையிலான பகிர்வு. மற்றொன்று மாநிலத்துக்குள்ளான பகிர்வு. 2003ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் இவ்விரண்டும் வெவ்வேறு கணக்கெடுப்புகளைச் சார்ந்து நிற்கின்றன. இப்பிளவின் வரலாற்றையும் பொருளையும் சென்னீர்குப்பம் அமைந்துள்ள பூந்தமல்லிப் பகுதியை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தொகுதி மறுவரையறை, மக்கள்தொகை, குடியுரிமை, மக்களவை, பூந்தமல்லி, சென்னீர்குப்பம்

முன்னுரை

பூந்தமல்லியை அடுத்து அமைந்த ஊர் சென்னீர்குப்பம். பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த இப்பகுதி, 1997 முதல் திருவள்ளூர் மாவட்டத்தில் அடங்கும். ஆவடியில் படைத்துறைத் தொழிற்சாலைகளும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் 1960களில் வேரூன்றியதைத் தொடர்ந்து, சென்னையின் மேற்கே இருந்த ஏரிப்பாசன ஊர்கள் படிப்படியாகக் குடியிருப்புப் பகுதிகளாயின. ஆனால் மக்கள் பெருகிய அளவுக்கு அவர்களின் பிரதிநிதித்துவம் பெருகவில்லை. அதன் காரணம் உள்ளூரில் இல்லை. மாநிலங்களுக்கு இடையிலான ஓர் அரசியல் உடன்பாட்டில் இருந்தது.

நெறியும் முதல் இழப்பும்

81(2)ஆம் உறுப்பின் முதற்கூறு, ஒரு மாநிலத்தின் மக்களவை இடங்களுக்கும் அதன் மக்கள்தொகைக்கும் உள்ள விகிதம் இயன்றவரை எல்லா மாநிலங்களுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்கிறது. இரண்டாம் கூறு, ஒரு மாநிலத்தின் தொகுதிகளுக்குள்ளும் அதே சமன்மை வேண்டும் என்கிறது. இந்நெறிப்படி 1961 கணக்கெடுப்பைத் தொடர்ந்து சென்னை மாநிலத்தின் மக்களவை இடங்கள் 41இலிருந்து 39ஆகக் குறைந்தன. 1967 தேர்தல் இவ்வெண்ணிக்கையிலேயே நடைபெற்றது. அதே தேர்தலில் சட்டப்பேரவை இடங்கள் 206இலிருந்து 234ஆக உயர்ந்தன.

இவ்விழப்பு, குடும்பக் கட்டுப்பாட்டில் பெற்ற வெற்றிக்குக் கிடைத்த தண்டனை என்று பிற்காலத்தில் பேசப்பட்டது. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அவ்விரு இடங்களுக்கு ஈடாகத் தமிழ்நாட்டுக்கு 5,600 கோடி ரூபாய் ஏன் வழங்கக்கூடாது என்று வினவியதும் இப்புரிதலின் அடிப்படையிலேயே. எனினும் 1951–61 காலத்தில் இந்தியா ஏறத்தாழ 21.5 விழுக்காடு வளர்ந்தபோது சென்னை மாநிலம் 11.85 விழுக்காடே வளர்ந்தது. குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் பரவலாவதற்கு முந்தைய பத்தாண்டு அது. ஆகவே முதல் இழப்பை முழுவதும் அத்திட்டத்தின் விளைவாகக் கொள்வது பொருந்தாது.

உறைநிலையின் உள்விளைவு

1971 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ 10.6 லட்சம் மக்களுக்கு ஒரு மக்களவை உறுப்பினர்; உத்தரப்பிரதேசத்தில் 10.4 லட்சத்துக்கு ஒருவர். நெறியும் நடைமுறையும் பெரிதும் ஒத்திருந்த நிலை அது. 1976இன் 42ஆம் திருத்தம் அந்நிலையை 2000க்குப் பின் வரும் முதல் கணக்கெடுப்பு வரை உறையச் செய்தது. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தும் மாநிலங்கள் இடமிழக்கலாகாது என்பது அதன் நோக்கம்.

ஆனால் அத்திருத்தம் இரு கூறுகளையும் சேர்த்தே உறையச் செய்தது. மாநிலத்தின் பங்கைக் காக்க இட்ட பூட்டு, மாநிலத்துக்குள்ளான எல்லைகளையும் பூட்டியது. வில்லிவாக்கம், தாம்பரம் போன்ற புறநகர்த் தொகுதிகள் பல லட்சம் வாக்காளர்களைக் கொண்டு பெருத்தன. நகர மையத்தின் துறைமுகம், பூங்கா நகர் ஆகியவை சிறுத்தே இருந்தன. துறைமுகத்தில் ஒரு வாக்குக்கு இருந்த எடை புறநகரில் இல்லை. தமிழ்நாட்டின் குரலைக் காத்த ஏற்பாட்டின் விலையைத் தமிழ்நாட்டின் புறநகர் மக்களே செலுத்தினர்.

கூறுகள் பிரிந்தமை

84ஆம் திருத்தம் (2001) மாநிலங்களுக்கு இடையிலான பகிர்வை 2026க்குப் பின் வரும் முதல் கணக்கெடுப்பு வரை 1971இலேயே நிறுத்தியது. உள் எல்லைகளை மட்டும் மாற்ற இடமளித்தது. 87ஆம் திருத்தம் (2003) அதற்கு 2001 கணக்கெடுப்பை அடிப்படையாக்கியது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆணையத்தின் வரையறை 2008இல் நடைமுறைக்கு வந்தது.

2001இல் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 6.24 கோடி; ஒரு சட்டப்பேரவைத் தொகுதியின் சராசரி 2.67 லட்சம். மூன்று லட்சத்தைக் கடந்திருந்த அம்பத்தூர் நகராட்சி மட்டுமே அச்சராசரியை விஞ்சியது. அம்பத்தூர், ஆவடி, மதுரவாயல், மாதவரம் ஆகிய தொகுதிகள் புதிதாக உருவாயின; பூங்கா நகர் மறைந்தது. பூந்தமல்லி பொதுத்தொகுதியாக இருந்து தனித்தொகுதியாயிற்று. திருப்பெரும்புதூர் மக்களவைத் தொகுதியிலிருந்து புதிய திருவள்ளூர் தனித்தொகுதிக்கு மாறியது. மாநிலத்தின் மொத்த இடங்கள் 39, 234 என அப்படியே நீடித்தன.

எண்ணப்படுவோரும் வாக்களிப்போரும்

இந்தியாவில் தொகுதியை அளக்கும் கோல் குடியுரிமையோ வாக்காளர் பட்டியலோ அன்று, மக்கள்தொகையே. மேற்குப் புறநகரில் தங்கி உழைக்கும் வடமாநிலத் தொழிலாளர், சொந்த ஊரில் வாக்காளராக இருப்பினும் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் வசிப்போராகவே எண்ணப்படுவர்.

இவ்வேறுபாடு எவ்வளவு கூர்மையடையக்கூடும் என்பதை இலங்கை வரலாறு காட்டுகிறது. சோல்பரி அரசமைப்பின்கீழ் 75,000 மக்களுக்கு ஓர் இடமும், நிலப்பரப்பில் 1,000 சதுர மைலுக்குக் கூடுதலாக ஓர் இடமும் வகுக்கப்பட்டன. 1948இன் குடியுரிமைச் சட்டமும் 1949இன் தேர்தல் சட்டத் திருத்தமும் மலையகத் தமிழரில் பெரும்பாலோரின் வாக்குரிமையைப் பறித்தன. அவர்களது தலைகளை எண்ணி வகுத்த இடங்கள் மட்டும் நீடித்தன. 1947இல் நாடாளுமன்றம் சென்ற இலங்கை இந்தியன் காங்கிரசார், 1952இல் ஒருவரும் தேர்ந்தெடுக்கப்படவில்லை. எண்ணப்பட்டோர் வேறு, வாக்களித்தோர் வேறு என்றாயிற்று.

முடிவுரை

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 18.5 லட்சம் மக்களுக்கும் உத்தரப்பிரதேசத்தில் ஏறத்தாழ 25 லட்சம் மக்களுக்கும் ஒரு மக்களவை உறுப்பினர். இன்றுள்ள 543 இடங்களை அக்கணக்கெடுப்பின் விகிதப்படி பகிர்ந்தால், தமிழ்நாட்டின் பங்கு ஏறத்தாழ 32ஆகச் சுருங்கும். 1971 அடிப்படையை 2026 முதல் மேலும் 30 ஆண்டுகளுக்கு நீட்டிக்க வேண்டும் என்று 2025 மார்ச்சில் சென்னையில் கூடிய அனைத்துக் கட்சிக் கூட்டம் கோரியது இச்சூழலிலேயே. அடுத்த கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1 என்று அதே ஆண்டு ஜூனில் அறிவிக்கப்பட்டது.

மக்கள்தொகை நியாயமான அளவுகோல் அன்று என்னும் பொதுவாதம் இக்கோரிக்கைக்குத் துணை நிற்காது. மேற்குப் புறநகருக்கு 2008இல் நியாயம் வழங்கியது அதே அளவுகோலே. கோரிக்கையின் வலிமை கூட்டாட்சி நெறியில் உள்ளது: மாநிலங்கள் தலைகளின் தொகுதி மட்டுமல்ல, ஒன்றியத்தின் உறுப்புகளும் ஆகும். ஒரே அரசின்கீழ் வாழும் துறைமுகத்தாருக்கும் சென்னீர்குப்பத்தாருக்கும் இடையே அத்தகைய வேறுபாடு இல்லை. 2011இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியில் இணைந்தது. 2019இல் ஆவடி மாநகராட்சியானது. எனவே உறைநிலை நீட்டிக்கப்படினும் அது முதற்கூற்றோடு நிற்க வேண்டும். இரு கூறுகளையும் பிரித்தாளலாம் என்பதற்கு 2003ஆம் ஆண்டுத் திருத்தம் முன்மாதிரியாக உள்ளது. சேர்த்துப் பூட்டினால் நேர்வது என்ன என்பதற்கு 1976க்குப் பிந்தைய மேற்குப் புறநகரே சான்று.