ஆவாரங்கட்டையும் கத்தி எஃகும்

வேலூர், ஆம்பூர் வட்டாரத்தில் ஆவாரையை அறியாதவர் இலர். குரோம் முறை பரவுவதற்கு முன், இங்குத் தோல் பதனிட ஆவாரம்பட்டையையே பெரிதும் நம்பியிருந்தனர். இதே செடியின் கட்டை கத்திக்கான எஃகு செய்யவும் உதவியது.

அந்த எஃகை ஐரோப்பியர் 'வூட்ஸ்' என்றனர். 'உக்கு' என்னும் கன்னடச் சொல்லின் திரிபு அது என்பர். பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவிய ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் அதன் செய்முறையை 1830களில் விவரித்துள்ளார். தேனிரும்புத் துண்டுகளை மண்மூசையில் இட்டு, இரும்பின் எடையில் பத்தில் ஒரு பங்கு உலர்ந்த ஆவாரங்கட்டையைச் சிறு துண்டுகளாக்கிச் சேர்ப்பார்கள். மேலே ஓரிரு எருக்கிலைகளை வைத்து, மூசையின் வாயைக் களிமண்ணால் அடைப்பார்கள். இருபதுக்கு மேற்பட்ட மூசைகளை ஓர் உலையில் அடுக்கி, இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதுவார்கள். இத்தகைய மூசைகளின் உடைசல்கள் பழைய தென்னார்க்காடு மாவட்டத்து மேல்சிறுவள்ளூரில் கிடைத்துள்ளன. சாரதா சீனிவாசன் அவற்றை 1990களில் ஆராய்ந்து வெளியிட்டார்.

இதில் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். உலர்ந்த மரம் காற்றின்றிக் கரியாகும்போது, எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே எஞ்சும். 100 பங்கு இரும்புக்கு 10 பங்கு கட்டை என்றால் எஞ்சும் கரி 2 பங்கு. வூட்ஸில் உள்ள கரியோ ஏறத்தாழ 1.5 சதவீதம். என்ன நெருக்கம் பாருங்கள்! தூய இரும்பு உருக 1538 டிகிரி செல்சியஸ் வேண்டும். இந்த அளவு கரி சேர்ந்தால் ஏறத்தாழ 100 டிகிரி குறைவாகவே முழுதும் உருகிவிடும். குளிரும்போது மிகுதியான கரி இரும்புடன் கூடிக் கடினமான துகள்களாகப் பிரிகிறது. கத்தியின் கூர் நெடுநாள் நிலைப்பது இத்துகள்களால்தான்.

லண்டனில் கத்தி, அறுவைக் கருவிகள் செய்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட் இந்த எஃகை மிகவும் விரும்பினார். மின்தூண்டலால் நம் மாணவர்கள் அறிந்த மைக்கேல் ஃபாரடே (அவர் தந்தையும் கொல்லரே!) 1819இல் வூட்ஸைப் பகுத்து ஆராய்ந்தார். அதன் சிறப்புக்கு அலுமினியமே காரணம் என எண்ணினார். அது சரியன்று. எனினும் ஸ்டோடார்டுடன் சேர்ந்து வெள்ளி, பிளாட்டினம் முதலியவற்றை எஃகில் கலந்து பார்க்க அதுவே தூண்டுகோலாயிற்று.

ஐரோப்பியக் கொல்லர் பலர் வூட்ஸை வெண்சூட்டில் அடித்தனர், அது நொறுங்கிப்போயிற்று. மிகுந்த கரியுள்ள எஃகு அச்சூட்டைத் தாங்காது. செஞ்சூட்டில், பொறுமையாக, பலமுறை காய்ச்சி அடிக்க வேண்டும்.

இந்தக் கத்திகளின் அலகில் நீரலை போன்ற கோலம் தெரியும். அமெரிக்காவின் ஜான் வெர்ஹோவனும் ஆல்ஃபிரட் பென்ட்ரேயும் 1998இல் அதற்கு ஒரு விளக்கம் தந்தனர்: 0.1 சதவீதத்திலும் மிகக் குறைந்த வனேடியம் போன்ற மாசுகளே கடினத் துகள்களை வரிசைப்படுத்துகின்றன என்பது அவர்கள் முடிவு. அப்படியானால், தாது வேறு சுரங்கத்திலிருந்து வந்தால் போதும். அதே கொல்லர் அதே உலையில் செய்தாலும் கோலம் வராது.